ரப்பர் பிடி கையில் ஒட்டுகிறது, தின்னர் போடலாமா?

2024 ஜூன் 14, இரவு 9.50 (கேள்வி)

தாராவி 90 அடி சாலைப் பக்கம் ஒரு எலக்ட்ரிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்குரூடிரைவர் செட் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. மெத்தென்று இருந்த கருப்புப் பிடி இப்போது வெல்லப்பாகு மாதிரி கையில் ஒட்டுகிறது. சோப்புப் போட்டுக் கழுவினால் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் பழையபடி. பெயின்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஒரு இழு இழுத்தால் ஒரேயடியாகப் போய்விடும் என்கிறார் முதலாளி. அழுக்குதானே, போகாதா?

2024 ஜூன் 14, இரவு 10.40

தின்னர் போடாதே தம்பி. மீதியைக் காலையில் எழுதுகிறேன். அதுவரை அந்த பாட்டிலை முதலாளி கண்ணில் படாமல் வை.

2024 ஜூன் 15, காலை 7.15

2011-ல் சயானில் ஒரு ஏ.சி. மெக்கானிக்கிடம் உதவியாளாக இருந்தேன். அவருடைய வயர் ஸ்ட்ரிப்பருக்கு மஞ்சளும் கருப்புமாக மெத்துப் பிடி. கம்ப்ரஸர் எண்ணெயும் தூசியும் ஏறி மஞ்சள் எது கருப்பு எது என்று தெரியாது. நல்ல பெயர் வாங்கலாம் என்று தின்னர் போட்டுத் துடைத்தேன். பத்து நிமிஷம் புத்தம் புதுசு. அப்புறம் தொட்டால் கைரேகை பதிகிறது. காய்ந்தால் சரியாகிவிடும் என்று அன்றைய மராத்தி நாளிதழில் சுற்றிப் பையில் போட்டேன். காலையில் பிரித்தால் காகிதம் பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டு, பிடியின் மேல் தலைப்புச் செய்தி இடம் வலம் மாறி அச்சாகியிருந்தது. அந்த ஸ்ட்ரிப்பரை அவர் தூக்கிப் போடவில்லை. நான் அங்கே இருந்தவரைக்கும், புதுப் பையன் யார் வந்தாலும் அதை எடுத்துக் காட்டுவார்.

நாம் ரப்பர் என்று சொல்கிறோமே தவிர, இன்றைய கைக்கருவிகளில் பெரும்பாலும் அது ரப்பர் இல்லை. அட்டையில் டி.பி.ஆர். அல்லது டி.பி.இ. என்று போட்டிருக்கும். உள்ளே கெட்டியான பாலிபுரொப்பிலீன் பிடி, அதன் மேல் உருக்கி வார்த்த மெத்துப் பிளாஸ்டிக். மெத்தென்று இருப்பதற்காக அதில் மினரல் ஆயிலைக் கலந்து வைக்கிறார்கள். தின்னர், பெட்ரோல், மண்ணெண்ணெய் எல்லாமே எண்ணெய்க்கு உறவு. உள்ளே புகுந்து உப்ப வைத்து, இருந்த எண்ணெயையும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். உப்பினது பழைய உருவத்துக்குத் திரும்பாது. அடியில் இருக்கும் பாலிபுரொப்பிலீனுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கெட்டியான இடம் அப்படியே இருக்க, மெத்துப் பகுதி மட்டும் களிம்பாகிறது.

2024 ஜூன் 15, இரவு 11.05

வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். நான் செய்வது இதுதான்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மத்தியானம். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணம், பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு, பழைய டூத் பிரஷ். பிடியை மட்டும் தேய்க்க வேண்டும். வரிப்பள்ளங்களில் பிரஷ் குறுக்கே போகாமல் வரியோடு போகட்டும். போகாத கறைக்கு சோடாவைக் குழைத்துத் தடவி ஐந்து நிமிஷம் விட்டுத் தேய்த்தால் போகும். முழுக் கருவியையும் ஊறப் போடக் கூடாது. கம்பி பிடிக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீர் இறங்கினால் அங்கேயிருந்துதான் துரு தொடங்கும். கழுவியதும் துணியால் துடைத்து, கம்பி கீழே இருக்கிற மாதிரி தொங்கவிட்டால் தண்ணீர் மூட்டில் தேங்காது. நிழலில் காய வை. மொட்டைமாடி வெயில் வேண்டாம், வெயிலும் இந்தப் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். காய்ந்தபின் கம்பியில் மட்டும் ஒரு சொட்டு மெஷின் ஆயில். பிடியில் பட்டால் துடைத்துவிடு.

எங்கள் வீட்டில் அந்தக் கிண்ணத்தைத் தனியாக வைத்திருக்கிறோம். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

2024 ஜூன் 16, காலை 6.30

நேற்று வெறுமனே சோடா என்று எழுதிவிட்டேன். நான் சொன்னது ஆப்ப சோடா. சலவை சோடா இல்லை. ஒருவர் ஏ.சி. காயில் கழுவும் கெமிக்கலைப் போட்டாராம், அதுவும் காரம்தானே என்று. ஐயா, காரம் என்றால் மிளகாயும் காரம்தான்! காயில் கெமிக்கல் கையுறை போட்டுத் தொடுகிற சரக்கு. அதைக் கையில் பிடிக்கிற பொருளில் தேய்ப்பார்களா?

2024 ஜூன் 16, மாலை 4.20

தம்பியின் கேள்வியை இப்போது மறுபடி படித்தேன். நான் வேறு ஏதோ வியாதிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கழுவினால் ஒரு நாள் நன்றாக இருக்கிறது, மறுநாள் ஒட்டுகிறது என்கிறான். அழுக்காக இருந்தால் கழுவியபின் மறுபடி ஏற வாரக்கணக்காகும். ராத்திரி பெட்டிக்குள் படுத்திருந்த பிடிக்குக் காலையில் அழுக்கு எங்கிருந்து வரும்? பிடியே கசிகிறது, இல்லையென்றால் பிடியே கரைகிறது.

ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துப் பிடியில் அழுத்தித் தேய்த்துப் பார். சாம்பல் நிறத்தில் மங்கலாக வந்தால் கை அழுக்கு. நிறம் இல்லாமல் எண்ணெய்க் கறை மட்டும் விழுந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வருகிறது. மைபோலக் கருப்பாக இழுத்துக்கொண்டு வந்து, நகத்தால் சுரண்டினால் தோல் மாதிரி சுருண்டு, அடியில் பளபளவென்று கெட்டிப் பிளாஸ்டிக் தெரிந்தால் விஷயம் வேறு. பார்த்துவிட்டுச் சொல்.

2024 ஜூன் 16, இரவு 9.30

மூன்றாவதுதான் என்கிறான். நினைத்தேன்.

தம்பி, உன் செட்டில் இருப்பது வார்த்த மெத்துப் பிடியே இல்லை. சாதாரணக் கெட்டிப் பிளாஸ்டிக் பிடிக்கு மேலே மெத்தென்று தோன்றுவதற்காக அடித்த பெயின்ட். பாலியூரித்தேன் பூச்சு. டார்ச், டிரிம்மர், கம்ப்யூட்டர் மவுஸ் எல்லாவற்றிலும் இதைப் பார்த்திருப்பாய். இந்த ஜாதிப் பூச்சுகளில் பலவற்றைக் காற்றில் இருக்கும் ஈரமே மெதுவாக உடைக்கும். மூலக்கூறுச் சங்கிலி துண்டு துண்டாகப் போனால் மிச்சம் இருப்பது பிசின்.

ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டு அலமாரியில் வைத்த ஷூவை நாலைந்து வருஷம் கழித்து எடுத்தால், நாலு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் தூள் தூளாக உதிர்ந்துவிடும். அதுவும் பாலியூரித்தேன், அதே வியாதி. உபயோகிக்காமல் மூடி வைத்தால் பத்திரம் என்று நினைக்கிறோம், மூடி வைத்ததுதான் அதற்கு வினை. ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் ஊரில் காற்றே ஈரத்துணி. பம்பாயில் நாலு மழைக்காலம் பார்த்த பூச்சு இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது.

இதைச் சுத்தம் செய்ய முடியாது. கழற்றத்தான் முடியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கு, லாமிங்டன் ரோட்டில் சர்க்யூட் போர்டு துடைக்க விற்பார்கள். சொரசொரப்பான துணியில் நனைத்து, ஒரு விரல் அகலம் ஒரு விரல் அகலமாகத் தேய்த்துக்கொண்டே வர வேண்டும். துணி கருப்பாகிவிட்டால் புதுத் துணி. ஜன்னலைத் திறந்து வை, அடுப்பு எரியும் அறையில் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். ஒரு பிடிக்கு அரை மணி நேரம் ஆகும், தோள் வலிக்கும். சட்டையைக் கழற்றிய பின் உடம்பு நன்றாகத்தான் இருக்கும், கொஞ்சம் வழுக்கும், அவ்வளவே.

2024 ஜூன் 17, இரவு 10.15

கொரோனா காலத்தில் வாங்கிய சானிடைசர் நாலு பாட்டில் மிச்சம் இருக்கிறது, அதுவும் ஆல்கஹால்தானே என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

நானும் அதைத்தான் முதலில் போட்டேன். ஒட்டல் போய் வழவழப்பு வந்தது, வழவழப்பு காய்ந்து மறுபடி ஒட்டல் வந்தது. கை காயாமல் இருக்க அதில் கிளிசரின் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட சூத்திரத்திலேயே கிளிசரின் 1.45 சதவீதம். ஜெல்லாக இருந்தால் கெட்டிப்படுத்தும் பொருள் வேறு. ஆல்கஹால் பறந்துவிடும், இதெல்லாம் பிடியிலேயே தங்கிவிடும். அந்த பாட்டில்களைக் கைக்கே போட்டுத் தீர்த்துவிடுங்கள்.

2024 ஜூன் 23, பிற்பகல் 3.00

ஞாயிறு. கழுவல் முடிந்தது. மழை இன்னும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை.

பழைய மரப்பிடிக்கே போய்விடலாமே, எதற்கு இந்த மெத்துப் பிடி என்று பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்காகக் கொஞ்சம் திசை மாறுகிறேன்.

மெத்துப் பிடியை வீட்டுக்கு வீடு கொண்டுபோனதில் ஒரு காய்கறித் தோல் சீவிக்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்று ஒரு சமையல் சாமான் வியாபாரி. மனைவி பெட்ஸிக்குக் கையில் மூட்டுவாதம். மெலிந்த இரும்புப் பிடி போட்ட சீவியை அவரால் பிடிக்க முடியவில்லை. நியூயார்க்கில் ஸ்மார்ட் டிசைன் என்ற வடிவமைப்பாளர்களிடம் போய், தடித்த கருப்புப் பிடியோடு ஒரு வரிசையே செய்து 1990-ல் ஆக்ஸோ என்ற பெயரில் கொண்டுவந்தார். பிடிக்குப் போட்டது சான்டோப்ரீன், நாம் பேசுகிற டி.பி.இ. குடும்பம்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் படுகிற இடத்தில் மீன் செவுள் மாதிரி மெல்லிய வரிகள். ஈரக் கையிலும் நழுவாது.

அந்த வரிகளுக்கு நடுவில்தான் உருளைக்கிழங்குத் தோலும் போய் உட்காரும். என் மாமியார் கையில் இருக்கும் சீவிக்கும் என் ஸ்குரூடிரைவருக்கும் ஒரே டூத் பிரஷ் சிகிச்சை. (ஒரே பிரஷ் இல்லை. அதையும் எழுதாவிட்டால் கேட்பீர்கள்.)

மரப்பிடி எனக்கும் பிடிக்கும். ஆனால் ஏ.சி. அவுட்டோர் யூனிட்டுக்கு ஆறாவது மாடி ஜன்னலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வியர்த்த கையால் ஸ்குரூ கழற்றிப் பாருங்கள். எந்தப் பிடி வேண்டும் என்று கை சொல்லிவிடும்.

2024 ஜூலை 8, காலை 11.40

ராத்திரி ஒரு மணியிலிருந்து காலை ஏழுக்குள் சில இடங்களில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறதாம். ரயில் தடுமாறுகிறது, செம்பூரிலிருந்து எங்கேயும் போக முடியாது. வேலை இல்லாததால் கட்டிலுக்கு அடியில் இருந்த மாமாவின் பழைய பெட்டியைத் திறந்தேன்.

வாந்தி நாற்றம். மிகைப்படுத்தவில்லை. வீட்டுக்காரம்மா சமையலறையிலிருந்து, பால் திரிந்துவிட்டதா என்று கேட்டாள். எலி செத்திருக்குமோ என்று எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்தேன். எலி இல்லை. மாமாவின் ஸ்குரூடிரைவர்கள். கண்ணாடி மாதிரி மஞ்சள் பிடி போட்ட அந்தக் காலத்து உருப்படிகள். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அந்த வெள்ளத்தில் முழுகி எழுந்தவை. பிடியின் மேல் மாவு பூத்த மாதிரி வெள்ளைப் படலம்.

இதற்கும் ஒரு கதை இருக்கிறது. அந்தப் பழைய ஒளி ஊடுருவும் பிடிகளில் பல, செல்லுலோஸ் அசிடேட் பியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக். மரக்கூழிலிருந்தோ பஞ்சிலிருந்தோ எடுத்த செல்லுலோஸில் அமிலங்களைச் சேர்த்துச் செய்வது. காலமும் ஈரமும் சேர்ந்தால் சேர்த்த அமிலம் மெல்லப் பிரிந்து வெளியே வரும். அதில் ஒன்று பியூட்டிரிக் அமிலம். கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றமும் வாந்தியின் நாற்றமும் இதே அமிலம்தான். அந்தப் பெயரே வெண்ணெய்க்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வெறும் அசிடேட் பிடியாக இருந்தால் வினிகர் வாசம் வரும், பழைய சினிமாச் சுருள் டப்பாவைத் திறந்தால் வருமே, அது.

மரப்பிடிக்கு வக்காலத்து வாங்கிய பெரியவரே, இந்தப் பிளாஸ்டிக்கும் ஒருவகையில் மரத்தின் பேரன்தான். வயசானால் இப்படி ஆகிறது.

இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஆப்ப சோடா கரைத்துத் துணியை நனைத்துத் துடைத்தேன். வெள்ளை போனது, நாற்றம் முக்கால்வாசி போனது. மூடாமல் ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். உள்ளேயிருந்து வருவது வந்துகொண்டேதான் இருக்கும், மூடிய பெட்டிக்குள் இருந்தால் சேர்ந்து நாறும். அந்த ஆவி பக்கத்தில் இருக்கும் இரும்பையும் அரிக்கும். பெட்டியில் கூட இருந்த ரம்பத் தகட்டில் துரு ஏறியிருக்கிறது. வெள்ளத்துத் துருவோ அமிலத் துருவோ, இரண்டையும் சேர்த்து இனி வைக்கப் போவதில்லை.

2024 ஜூலை 9, காலை 6.50

வாசம் இன்னும் இருக்கிறது. வீட்டுக்காரம்மா பெட்டியை வராந்தாவுக்கு மாற்றிவிட்டாள்.

2024 ஜூலை 9, இரவு 10.00

கட்டிங் பிளையரின் சிவப்பு உறை, பெட்டியின் பிளாஸ்டிக் தட்டோடு ஒட்டிக்கொண்டு, எடுத்தால் தட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது, இது என்ன என்று புனேக்காரர் ஒருவர் கேட்கிறார்.

பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கோடை விடுமுறை முடிந்து திறந்தால் அழிரப்பர் ஸ்கேலோடு உருகி ஒட்டியிருக்கும். அதேதான். அழிரப்பர் பி.வி.சி., பிளையர் முக்கியெடுத்த உறையும் பி.வி.சி. அது வளைந்துகொடுக்கக் கலந்த மென்மையூட்டி எண்ணெய், பக்கத்தில் ஒத்துப்போகிற பிளாஸ்டிக் கிடைத்தால் அங்கே குடிபோய்விடும். போன இடம் இளகும், விட்டுவந்த இடம் நாளடைவில் விறைத்து வெடிக்கும். சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு, இடையில் ஒரு பருத்தித் துணியைப் போட்டு வையுங்கள். பாலித்தீன் பை போட்டு மூட வேண்டாம்.

2024 ஜூலை 21, மாலை 5.30

ஒட்டுகிற பிடியில் டால்கம் பவுடர் போடலாமே என்கிறவர்களுக்கு. போட்டுப் பார்த்தேன், ஒட்டுகிற பழைய டார்ச் ஒன்றில். முதல் நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் பவுடரும் பிசினும் குழைந்து சப்பாத்தி மாவு. அதன்பின் ஆல்கஹால் போட்டுத் தேய்க்க இரண்டு பங்கு நேரம் ஆயிற்று. மணிக்கட்டில் நறுமணம் மட்டும் மிச்சம்.

கூடவே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூன் 16-ல் தம்பிக்கு ஆல்கஹால் சொன்னேன். அதைப் படித்துவிட்டுச் சிலர் எல்லாப் பிடிக்கும் அதையே போட ஆரம்பித்திருக்கிறார்கள், நானும் சோம்பலில் அப்படித்தான் செய்தேன். மாமாவின் மஞ்சள் பிடி ஒன்றை ஆல்கஹாலில் துடைத்தேன், பளபளப்பு போய்ப் பனி படர்ந்த மாதிரி மங்கிவிட்டது. என் புது ஸ்குரூடிரைவரில் அளவு அச்சடித்திருந்தது, அந்த எழுத்து முழுக்கத் துணிக்கு வந்துவிட்டது. இப்போது எது எந்த அளவு என்று நுனியைப் பார்த்துத்தான் எடுக்கிறேன். ஆக, ஆல்கஹால் என்பது கெட்டுப்போன பூச்சைக் கழற்ற. வார்த்த மெத்துப் பிடியில் கிரீஸ் மாதிரி ஏதாவது பிடிவாதமாக இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒரு தொடு. தினசரிக் குளியலுக்குச் சோப்பும் தண்ணீரும் போதும்.

2024 ஆகஸ்ட் 4, காலை 8.10

இது விளையாட்டில்லை. ஒருவர் எழுதியிருக்கிறார், இன்சுலேட்டட் பிளையரின் பிடி ஒட்டியதால் பிளேடால் மேல்தோலைச் சுரண்டி எடுத்துவிட்டாராம், கைக்கு இதமாக இருக்கிறதாம்.

அதை இனி மின்சாரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். ஜோடி முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் போட்ட கருவிகள் ஐ.இ.சி. 60900 என்ற தரத்துக்குச் செய்யப்பட்டவை. மாறுமின்னோட்டத்தில் 1000 வோல்ட், நேர்மின்னோட்டத்தில் 1500 வோல்ட் வரைக்கும் கணக்கு. தொழிற்சாலையில் 10,000 வோல்ட் கொடுத்துச் சோதிக்கிறார்கள். அந்த உறை வசதிக்காகப் போட்டதில்லை, உயிருக்காகப் போட்டது. பல கம்பெனிகள் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள் என்று இரண்டு அடுக்காக வார்ப்பதே, மஞ்சள் தெரிந்தால் தூக்கிப் போடு என்று சொல்லத்தான். சுரண்டவோ, ஆல்கஹாலில் கழற்றவோ, மேலே டேப் சுற்றிச் சரிக்கட்டவோ கூடாது. இவற்றுக்குச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அப்புறம் உலர்ந்த துணி, நன்றாகக் காய்ந்தபின்தான் வேலை. வெடிப்பு, வெட்டு, உப்பல், களிம்பு எது தெரிந்தாலும் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. குறி இல்லாத சாதாரண மெத்துப் பிடியும், முக்கியெடுத்த சிவப்பு உறையும் கைக்குச் சுகம் மட்டுமே. வீட்டு 230 வோல்ட்டுக்கு இது போதும் என்று சொல்கிற கடைக்காரரையும் பார்த்திருக்கிறேன். அவர் கடையில் மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்தேன்.

2024 ஆகஸ்ட் 5, இரவு 9.45

பிளையரைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். நல்லது.

2024 ஆகஸ்ட் 18, பிற்பகல் 2.30

எவ்வளவு கழுவினாலும் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் வழுவழுவென்று ஆகிறதே என்று நான் ரொம்ப நாளாக யோசித்தது. காரணம் தலையில் இருக்கிறது. காலையில் தேங்காய் எண்ணெய், வேலைக்கு நடுவில் நெற்றி வியர்வையைத் துடைக்கிற கை, அதே கை பிடியில். மனிதத் தோலே எண்ணெய் சுரக்கும். எண்ணெய் கலந்து செய்த பிளாஸ்டிக் வெளி எண்ணெயையும் குடிக்கும். அழுக்கு என்று நாம் தேய்ப்பதில் பாதி நம்முடையதே.

இந்த மாதம் இன்னொரு சந்தேகமும் வந்திருக்கிறது. கொசு விரட்டிக் களிம்பு. சிலவற்றில் டீட் என்ற மருந்து இருக்கும், பிளாஸ்டிக்கை இளக்கும் குணம் அதற்கு உண்டு, கைக்கடிகாரக் கண்ணாடியையும் செயற்கைத் துணியையும் கூடக் கெடுக்கும். மழைக்காலத்தில் அதைப் பூசாமல் அவுட்டோர் யூனிட் பக்கம் போக முடியாது. இப்போது பூசியபின் உள்ளங்கையை மட்டும் சோப்பால் கழுவிவிட்டுக் கருவியைத் தொடுகிறேன். கொசு உள்ளங்கையில் கடிப்பதில்லை.

2024 ஆகஸ்ட் 20, காலை 7.00

கடிக்கிறது.

2024 செப்டம்பர் 1, இரவு 8.20

தம்பி எழுதியிருக்கிறான். ஆறு ஸ்குரூடிரைவரையும் கழற்றி முடித்துவிட்டானாம், மூன்று ஞாயிறு ஆயிற்றாம். ஒட்டல் சுத்தமாக இல்லை. ஆனால் வியர்த்த கையில் சுற்றிக்கொண்டு வழுக்குகிறது, மேலே என்ன சுற்றலாம் என்கிறான்.

பேட்மின்டன் மட்டைக்குச் சுற்றுகிற கிரிப் வாங்கிச் சுற்று. மலிவு, கனமில்லை, நன்றாகப் பிடிக்கும்.

2024 செப்டம்பர் 1, இரவு 11.50

படுத்தபின் உறைத்தது. அந்த கிரிப்பில் பெரும்பாலானவை பாலியூரித்தேன்! எதைக் கழற்ற மூன்று ஞாயிறு தேய்த்தானோ அதையே மறுபடி சுற்றச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மழைக்காலத்தில் என்னைத் தேடிக்கொண்டு செம்பூர் வருவான். அழித்துவிடலாமா என்று பார்த்தேன், இருக்கட்டும், நாலு பேர் சிரிக்கட்டும்.

வேறு வழி: ஒயர் மூட்டுக்குப் போடுவோமே, சூடு காட்டினால் சுருங்கும் குழாய், அதன் பெரிய அளவு. உன் கடையிலேயே இருக்கும். பிடியின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக எடுத்து மாட்டி, ஹீட் கன்னைத் தள்ளிப் பிடித்துச் சுற்றிக் காட்டு. கிட்டே கொண்டுபோனால் அடியில் இருக்கும் பிடியும் இளகிவிடும். வரிவரியாக நூல் சுற்றி அதன் மேல் குழாயைச் சுருக்கினால் பிடிமானம் இன்னும் நன்றாக இருக்கும், தூண்டில்காரர்கள் கழிக்கு இப்படித்தான் செய்கிறார்கள். இது இன்சுலேஷன் ஆகாது, ஆகஸ்ட் 4-ல் எழுதியதை மறுபடி படித்துக்கொள்.

சைக்கிள் ட்யூபை வெட்டி மாட்டுகிறவர்களும் உண்டு. நன்றாகத்தான் பிடிக்கும். கை கருப்பாகும், சில மாதத்தில் வெடிக்கும், இன்னொரு துண்டு வெட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

2024 அக்டோபர் 6, மாலை 6.15

மழை விட்டுவிட்டது. மாமாவின் பெட்டி இன்னும் வராந்தாவில்.

போன வாரம் நாக்தேவி தெருவுக்குப் போயிருந்தேன். புதிதாக ஒரு செட் எடுக்கும்போது இப்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: நகத்தால் மெத்துப் பகுதியின் விளிம்பை நெருடிப் பார்க்கிறேன். வார்த்ததாக இருந்தால் கெட்டிப் பிளாஸ்டிக்கும் மெத்தும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு, ஒரு தடிப்பு கைக்குத் தெரியும். பிடி முழுக்கக் கோடே இல்லாமல் ஒரே மாதிரி வெல்வெட் போல இருந்தால் பூச்சு என்று சந்தேகம், திரும்ப வைத்துவிடுகிறேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

2024 அக்டோபர் 7, இரவு 10.30

தம்பி இப்போதுதான் எழுதினான். குழாய் மாட்டிய ஆறும் நன்றாக இருக்கிறதாம். முதலாளிதான் பேச்சைக் கேட்காமல் தன்னுடைய நோஸ் பிளையரைச் சனிக்கிழமை தின்னர் போட்டுத் துடைத்து வைத்துவிட்டாராம், பளபளவென்று இருந்ததாம். எந்தப் பேப்பரில் சுற்றி வைத்தார் என்று கேட்டுச் சொல்.